நெட்டு, லிங்க்கு, பூட்டு: கோவில்பட்டி பாஷையில் ஒரு விளக்கம்

எங்க ஊர்ப் பக்கம் 'நெட்' என்கிற ஒத்தை வார்த்தையை வச்சு மக்கள் ஓட்டுற ஓட்டு இருக்கே, சொல்லி மாளாது. டவர் கிடைக்கலையா, "நெட் இல்ல". ரீசார்ஜ் முடிஞ்சு போச்சா, "நெட் தீந்துபோச்சு". கூகுள்ல தேடினா "நெட்டுல பாத்தேன்". மருமகன் வாட்ஸப்புல அனுப்பின வீடியோ "நெட்டுல வந்துச்சு". ஜெராக்ஸ் கடையில உட்கார்ந்து சாதிச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டாலும் "நெட்டுல போட்டிருக்கு". போன், சிம், பிரவுசர், தளம், ஆப் எல்லாமே நெட்தான்.

இத்தனைக்கும் சொல்லுக்குப் பஞ்சம் உள்ள ஊர் இல்லை இது. பக்கத்துல இடைசெவல்ல இருந்து வந்த கி.ரா., இந்தக் கரிசக்காட்டுச் சொற்களைச் சேர்த்து 1982-லேயே வட்டார வழக்கு அகராதி போட்டவர். ஒரு சம்சாரிகிட்டப் போய் "கரிசலும் செவலும் எல்லாம் மண்ணுதானே அண்ணாச்சி"ன்னு சொல்லிப் பாருங்க. உங்களை மேலும் கீழும் பார்ப்பார். ஒண்ணு தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும், இன்னொண்ணு விட்டுடும். வித்தியாசம் தெரியாம விதைச்சா வெள்ளாமை போச்சு. அதனாலதான் ரெண்டுக்கும் ரெண்டு பேர். நெட் விஷயத்துலயும் இப்போ அதே நிலைமை வந்துடுச்சுங்கிறதுதான் நான் சொல்ல வர்றது. எது எதுன்னு பேர் பிரிச்சுச் சொல்லத் தெரியலைன்னா காசு போகுது.

எங்க தெருவில் ஓர் அத்தைக்கு (சொந்த அத்தை இல்லை, எங்க தெருவில் பாதிப்பேர் எனக்கு அத்தைதான்) போன வருஷம் அப்படித்தான் 18,600 ரூபாய் போச்சு. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவங்க. மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட பேங்கில் சேர்த்து வச்சிருந்த பணம். "உங்கள் மின் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும்" என்று ஒரு மெசேஜ், கீழே ஒரு லிங்க். 2022-லேயே தமிழ்நாடு பூராச் சுத்தின பழைய மோசடிதான். மின்வாரியம் எச்சரிக்கை விட்டு, போலீஸ் எச்சரிக்கை விட்டு, பேப்பர்லயும் வந்து ஓய்ஞ்ச விஷயம். ஆனா அத்தைக்கு அன்னிக்குத்தான் முதல் தடவையா வந்துச்சு. அமுக்கினாங்க. மின்வாரியத்துது மாதிரியே ஒரு பக்கம், அதுல 10 ரூபாய் 'அப்டேட் கட்டணம்'. கார்டு நம்பரைப் போட்டு, வந்த ஓடிபியையும் போட்டாங்க. முடிஞ்சது கதை.

நாலு நாள் யார்கிட்டயும் சொல்லலை. மாமாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு பயம். தீபாவளி லீவுக்கு நான் ஊருக்குப் போயிருந்தப்போ எங்க அம்மா மூலமா விஷயம் வந்துச்சு. அத்தை அழவெல்லாம் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "ஏய்யா, பூட்டு இருந்தா நம்பலாம்னுதானே எல்லாரும் சொல்றாங்க? அதுல பூட்டு இருந்துச்சே?"

கம்ப்யூட்டர் படிச்சவன் தலையைச் சொறியுற மாதிரியான கேள்வி மக்களே. ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அடியில இருந்து வரணும். அன்னிக்குச் சாயங்காலம் அத்தை, அவங்க மகள், எங்க அம்மா மூணு பேருக்கும் சொன்னதைத்தான் கொஞ்சம் கூட்டிக் குறைச்சு இங்க எழுதுறேன். உங்க வீட்டிலும் ஓர் அத்தை இருப்பாங்க.

முதல்ல இன்டர்நெட் வேற, வெப் வேற. மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவுல எங்க ஊரைத் தொட்டுக்கிட்டு நாலு வழிச் சாலை போகுதில்லையா, அந்த மாதிரி ரோடுதான் இன்டர்நெட். ரோட்டோரமா இருக்கிற கடைகள்தான் வெப். ரோடு 1969-ல் அமெரிக்காவில் அர்ப்பாநெட் என்ற பேரில் போட ஆரம்பிச்சது. கடை வைக்கிற யோசனை ரொம்பப் பின்னாடி, 1989-ல், டிம் பெர்னர்ஸ்-லீக்கு ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வுக்கூடத்தில் வந்தது. 20 வருஷம் வெறும் ரோடுதான். அதுல மெயில் மாதிரி சில வண்டிகள்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15, விஎஸ்என்எல் மூலமா. வாட்ஸப், மெயில், யூபிஐ எல்லாம் அதே ரோட்டுல ஓடுற வேற வேற வண்டி.

"ரோடுன்னா எங்க இருக்கு, வானத்துலயா?"ன்னு அம்மா கேட்டாங்க. பலபேருக்கு இந்த நினைப்பு உண்டு, டவரைப் பார்த்துப் பார்த்து வந்தது. டவர் வரைக்கும்தான் காத்துல போகும். அதுக்கப்புறம் பெரும்பாலும் கம்பிதான், கண்ணாடி இழைக் கம்பி. மண்ணுக்கடியில போகும், கடலுக்கடியிலும் போகும். 2006-ல் நம்ம தூத்துக்குடியில இருந்தே கொழும்புப் பக்கம் மவுண்ட் லவினியாவுக்குக் கடலடிக் கேபிள் போட்டாங்க. உப்பளத்தைத் தாண்டி, மன்னார் வளைகுடாவுக்கு அடியில ஓர் இன்டர்நெட் ரோடு! சொன்னதும் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம்.

அந்த ரோட்டுல சரக்கு எப்படிப் போகுதுங்கிறதை அத்தைக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. தீப்பெட்டி ஆபீஸ்ல 600 பெட்டி சேர்ந்தா ஒரு பண்டல். இங்க அதையே தலைகீழாக் கற்பனை பண்ணிக்கணும். நீங்க ஒரு போட்டோ அனுப்பினா பண்டல் பிரிஞ்சு பெட்டி பெட்டியாத்தான் போகும். ஒவ்வொரு பெட்டியும் பெரும்பாலும் 1,500 பைட்டுக்குள்ள. 3 எம்பி போட்டோன்னா சுமாரா 2,000 பெட்டி. ஒவ்வொண்ணு மேலயும் எங்க இருந்து, எங்க போகணும், எத்தனாவதுன்னு எழுதியிருக்கும். அந்தப் பக்கம் இருக்கிற போன் வரிசைப்படி அடுக்கிப் பண்டலாக் கட்டிக்கும். ஒண்ணு தொலைஞ்சா அந்த ஒண்ணை மட்டும் திரும்பக் கேட்டு வாங்கும். இதுதான் பாக்கெட். "அப்போ எங்க கணக்குப்பிள்ளையை விடச் சுத்தம்"னு அத்தை சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அப்போதான் முதல் தடவையா சிரிச்சாங்க.

சர்வர்னா சரக்கு வச்சிருக்கிற கம்ப்யூட்டர். அவ்வளவுதான், பெரிசா ஒண்ணும் இல்லை. ஹோட்டல் சர்வர் மாதிரியே கேட்டா கொண்டாந்து வைக்கும்.

பிரவுசர்தான் முக்கியம். நீங்க போன்ல திறக்கிற குரோம் ஒரு பிரவுசர். தமிழ்ல உலாவின்னு சொல்றோம். கேட்ட பக்கத்தை சர்வர்ல இருந்து வாங்கிட்டு வந்து நம்ம திரையில விரிச்சுக் காட்டுற ஆள். இதுல ரெண்டு பகுதி இருக்கு. மேல அட்ரஸ் தெரியுற பட்டி பிரவுசரோடது. அதுக்குக் கீழ தெரியுறதெல்லாம் தளத்துக்காரன் அனுப்பினது. பஸ்ஸைக் கற்பனை பண்ணிக்குங்க. முன்கண்ணாடிக்கு மேல இருக்கிற ஊர் போர்டு பஸ்காரங்க மாட்டினது. பஸ்ஸுக்குள்ள சீட்டுக்குப் பின்னாடி எவன் வேணா நோட்டீஸ் ஒட்டலாம். உள்ள 'திருநெல்வேலி'ன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்குங்கிறதுக்காகச் சாத்தூர் பஸ் திருநெல்வேலிக்குப் போயிடாது.

இப்போ பூட்டு எங்க இருந்துச்சுன்னு கேட்டேன். நல்லவேளை, அத்தை மகள் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருந்தா. மேல பட்டியில பூட்டே இல்லை. பக்கத்துக்கு நடுவுல, 'பாதுகாப்பான பரிவர்த்தனை'ன்னு எழுதி, பச்சை நிறத்துல பெரிய பூட்டுப் படம். நோட்டீஸ்! எவனோ வரைஞ்சு ஒட்டினது.

சரி, மேல பட்டியிலயே பூட்டு இருந்திருந்தா? அப்பவும் நம்ப முடியாதுங்கிறதுதான் கொடுமை. அந்தப் பூட்டுக்கு அர்த்தம் எச்டிடிபிஎஸ். அதாவது உங்க போனுக்கும் அந்த சர்வருக்கும் நடுவுல போற பெட்டிகளை வழியில எவனும் பிரிச்சுப் படிக்க முடியாது. ரோட்டுல பத்திரமாப் போய்ச் சேரும். யார்கிட்ட போய்ச் சேரும்? பட்டியில எந்த அட்ரஸ் இருக்கோ அவன்கிட்ட. அவன் திருடனா இருந்தா திருடன்கிட்டதான் பத்திரமாப் போய்ச் சேரும். :-) இதுக்கான சான்றிதழை முன்னெல்லாம் காசு கொடுத்து வாங்கணும். 2015 கடைசியில 'லெட்ஸ் என்கிரிப்ட்' பொதுமக்களுக்குத் திறந்ததுல இருந்து ஓசியிலயே, சில நிமிஷத்துல கிடைக்குது. வெப்புக்கு அது ரொம்ப நல்ல காரியம்தான், சந்தேகமே இல்லை. ஆனா மோசடிக்காரனுக்கும் அதே வரிசையில, அதே விலையில கிடைக்குது.

இந்தக் குழப்பம் அத்தையோடது மட்டும் இல்லை. 2021-ல் கூகுள் நடத்தின ஓர் ஆய்வுல பூட்டுக்குச் சரியான அர்த்தம் தெரிஞ்சிருந்தவங்க 11 சதவீதம் பேர்தானாம். கடைசியில 2023 செப்டம்பர்ல வந்த குரோம் 117-ல் பூட்டையே எடுத்துட்டாங்க. இப்போ அந்த இடத்துல ரெண்டு கோடும் ரெண்டு வட்டமுமா, சின்ன செட்டிங் படம் மாதிரி ஒண்ணு இருக்கும். பூட்டு இருந்தா நம்பலாம்னு 20 வருஷமாச் சொல்லிக் கொடுத்தது நம்ம தொழில்காரங்கதான். நம்பினவங்களைப் பார்த்து "படிக்காதவங்க, ஏமாந்துட்டாங்க"ன்னு சொல்றதும் நாமதான். எனக்கு இதுல ரொம்பக் கோபம் உண்டு, அதை விடுங்க.

அப்போ எதைத்தான் பார்க்கிறது? அட்ரஸை. யூஆர்எல். (தமிழ்ல இதை 'உரலி'ன்னு எழுதுறவங்க இருக்காங்க. பெருமையாச் சொன்னேன். "நெட்டுல உரல் எதுக்குய்யா?"ன்னு கேட்டாங்க அத்தை. அதோட உரலியைக் கீழ வச்சுட்டேன். சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி கொடுத்த 'இணையம்' ஊரே சொல்ற சொல்லாச்சு. சில சொல்லுக்குத்தான் அந்த யோகம்.)

அட்ரஸ் விஷயத்துல கொஞ்சம் நிதானமாப் போகணும். இன்டர்நெட்டுல ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு நம்பர் உண்டு, ஐபி அட்ரஸ். பழைய முறையில புள்ளி வச்சுப் பிரிச்ச நாலு எண், ஒவ்வொண்ணும் 0 முதல் 255 வரைக்கும். மொத்தம் 430 கோடிக்குக் கொஞ்சம் கீழ. அது பத்தாமத்தான் இப்போ நீளமான புது முறை வந்திருக்கு. இந்த நம்பரெல்லாம் மனுசனுக்கு ஞாபகம் இருக்காது. அதனால பேர். பேரைச் சொன்னா நம்பரைத் தர்ற ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ்னு பேர். அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்ச்ல ஒரு அக்கா இருப்பாங்களாமே, "அக்கா, மில்லுக்குப் போடுங்க"ன்னா போதும், நம்பர் சொல்ல வேண்டாம்னு எங்க அப்பா சொல்வார். இன்டர்நெட்டுலயும் ஆரம்பத்துல அப்படித்தான். எலிசபெத் ஃபெயின்லர்னு ஒரு அம்மா தலைமையில, கலிபோர்னியாவில் ஓர் ஆபீஸ்தான் மொத்தப் பேர்ப் பட்டியலையும் வச்சிருந்துச்சு. புதுப் பேர் வேணும்னா அவங்களுக்குத்தான் சொல்லணும். 1983-ல் பால் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைச்ச பிறகுதான் பட்டியல் ஊர் ஊராப் பிரிஞ்சது.

அந்தப் பேரை எப்படிப் படிக்கணும்? கடைசியில இருந்து. இது ஒண்ணு விளங்கிட்டா போதும், மத்ததெல்லாம் மறந்துட்டாலும் பரவாயில்லை.

தபால் அட்ரஸ் எழுதுறோமே, முதல்ல ஆள் பேர், அப்புறம் தெரு, ஊர், கடைசியில பின்கோடு. எழுதுறது மேல இருந்து கீழ. ஆனா தபால்காரங்க பிரிக்கிறது கீழ இருந்து மேல. 628501-ஐத்தான் முதல்ல பார்ப்பாங்க. 6-ன்னா தமிழ்நாடு, கேரளாப் பக்கம், 628-ன்னா தூத்துக்குடி, 501 கோவில்பட்டி. அதுக்கப்புறம்தான் தெருவும் ஆளும். (பின்கோடு வந்ததும் ஒரு ஆகஸ்ட் 15-லதான், 1972. நம்ம சுத்துவட்டாரத்துல இருக்கிற 'பட்டி'களை எண்ணினா அது ஏன் தேவைப்பட்டுச்சுன்னு புரியும்.) இணையத்துப் பேரும் அதே மாதிரிதான். இடது பக்கம் சின்னது, வலது பக்கம் பெரிசு.

இப்போ கடலைமிட்டாய்க்கு வருவோம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. கரிசல் மண்ணுக் கடலை, வெல்லப்பாகு, தாமிரபரணித் தண்ணி. ஆனா தமிழ்நாட்டுல எந்த பஸ் ஸ்டாண்டுல இறங்கினாலும் 'கோவில்பட்டி கடலைமிட்டாய்'னு போட்ட பாக்கெட் தொங்கும். பாக்கெட் முன்பக்கம் பெரிய எழுத்துல கோவில்பட்டின்னு இருக்கும். எங்க செஞ்சதுன்னு பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும். விவரம் தெரிஞ்சவங்க திருப்பிப் பார்ப்பாங்க. அட்ரஸ்லயும் திருப்பிப் பார்க்கணும். 'கோவில்பட்டி டாட் கடலைமிட்டாய் டாட் வேற-ஊர் டாட் காம்'னு ஓர் அட்ரஸ் இருந்தா, அது வேற-ஊர்க்காரனோடது. முன்னாடி கோவில்பட்டின்னு எழுதிக்க அவன் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். தன் சொந்தப் பேருக்கு முன்னாடி என்ன வேணா சேர்த்துக்கலாம்.

செய்முறை இதுதான். ஆரம்பத்துல வர்ற ரெட்டைச் சாய்வுக்கோட்டை விட்டுடுங்க. (அது தேவையே இல்லாமத்தான் வச்சேன்னு டிம் பெர்னர்ஸ்-லீயே 2009-ல் சொல்லிட்டார்!) அதுக்கப்புறம் வர்ற முதல் ஒத்தைச் சாய்வுக்கோட்டுல விரலை வைங்க. அங்க இருந்து பின்பக்கமாப் படிங்க. 'டாட் காம்', அதுக்கு முன்னாடி ஒரு சொல். அந்த ரெண்டும் சேர்ந்ததுதான் கடைக்காரன். சாய்வுக்கோட்டுக்கு வலது பக்கம் என்ன எழுதியிருந்தாலும் அது கடைக்குள்ள இருக்கிற அலமாரி, கண்டுக்க வேண்டாம். 'கவ் டாட் இன்'னு முடிஞ்சா அரசாங்கத்துது, மத்தவங்களுக்கு அந்தப் பேர் கொடுக்க மாட்டாங்க. ஆனா அரசு சம்பந்தப்பட்டது எல்லாமே அப்படி முடியும்னும் சொல்ல முடியாது. மின் கட்டணம் கட்டுற தளமே பல வருஷம் 'டாட் ஆர்க்'கில்தான் இருந்தது. பேங்குக்கு இப்போ ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு. எல்லா பேங்கும் 2025 அக்டோபர் 31-க்குள்ள 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அந்த முடிவு பேங்குகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். என் கணக்குல, பத்து விழிப்புணர்வுப் பாட்டை விட இந்த ஓர் உத்தரவு உபயோகம்.

அத்தைக்கு வந்த அட்ரஸை இப்படிப் பின்னாடி இருந்து படிக்க வச்சேன். முன்னாடி மின்வாரியப் பேர், 'பில்', 'அப்டேட்' எல்லாம் வரிசையா இருந்துச்சு. கடைசியில கடைக்காரன் இடத்துல இருந்தது சம்பந்தா சம்பந்தமே இல்லாத எழுத்துக் கூட்டம். அத்தை ஒண்ணும் சொல்லலை. அவங்க மகள்தான் "இவ்ளோதானாண்ணே?"ன்னு கேட்டா. அந்த 'இவ்ளோதானா' என்னை ரொம்ப நேரம் தொந்தரவு பண்ணிச்சு. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

லிங்க்குன்னா கைகாட்டிப் பலகை. பலகையில எட்டயபுரம்னு எழுதிட்டு அம்பைக் கயத்தாறு பக்கம் திருப்பி வைக்க முடியும். மேல தெரியுற எழுத்து வேற, கூட்டிட்டுப் போற இடம் வேற. போன்ல லிங்க்கை அமுக்காம விரலை வச்சு அழுத்திப் பிடிச்சா பெரும்பாலும் உண்மையான அட்ரஸ் தெரியும். சின்ன எல், பெரிய ஐ, நம்பர் 1 மூணும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதையும் கவனிக்கணும். தமிழ்ல தட்டச்சுப் பண்றவங்களுக்கு இந்த வியாதி புதுசு இல்லை. 'ஔ'வுக்கு 'ஒள' போட்டு எத்தனை பேர் ஓட்டுறோம்! கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற.

கூகுள் அட்ரஸ் புத்தகம் இல்லை, விசாரிக்கிற இடம். மேல 'ஸ்பான்சர்டு'னு வர்றதெல்லாம் காசு கொடுத்து முன்னாடி நிக்கிறவங்க. கஸ்டமர் கேர் நம்பரை அங்க தேடி எடுக்கவே கூடாது. ஓடிபிங்கிறது ஒரு தடவை மட்டும் திறக்கிற சாவி. அதோட வர்ற மெசேஜ்ல எவ்வளவு ரூபாய்க்குன்னு எழுதியிருக்கும். அத்தைக்கு வந்ததுலயும் 10 ரூபாய்னு இல்லை, 18,600-ன்னு தெளிவாவே இருந்துச்சு. இங்கிலீஷ்ல. யூபிஐ பின் நம்பர் பணம் அனுப்பத்தான், வாங்குறதுக்கு எப்பவும் தேவைப்படாது.

பணம் போயிட்டா முதல்ல செய்ய வேண்டியது 1930-க்கு போன் பண்றது. அழுறது, திட்டுறது எல்லாம் அப்புறம். திருடின பணம் ஒரு கணக்குல இருந்து இன்னொண்ணு, அங்க இருந்து வேற ஒண்ணுன்னு தாவிக்கிட்டே இருக்கும். எடுக்கிறதுக்குள்ள தகவல் போனா அந்தந்த பேங்க் கணக்கை முடக்கி வைக்க முடியும். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்'லயும் புகார் எழுதலாம். அட்ரஸைப் பின்னாடி இருந்து படிச்சுப் பார்த்துட்டு எழுதுங்க.

அத்தை புகார் கொடுத்தது அஞ்சாவது நாள். நானும் கூட உட்கார்ந்து எழுதினேன். பணம் இன்னும் வரலை. பீஸை எங்க அம்மாவும் இன்னும் ரெண்டு பேரும் சீட்டுப் பணத்துல இருந்து மாத்திக் கொடுத்தாங்க. மாமாவுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவர் இணையத்துல எதையும் படிக்கிறவர் இல்லை, அந்தத் தைரியத்துலதான் எழுதுறேன்.

போன வாரம் அத்தை வாட்ஸப்புல ஒரு படம் அனுப்பினாங்க. 'உங்கள் பார்சல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது'ன்னு ஒரு மெசேஜ். கீழ ஒரு குரல் பதிவு: "ஏய்யா, பின்னாடி இருந்து படிச்சேன். கடைசியில 'டாட் டாப்'னு இருக்கு. இது எந்த ஊரு?"

டிஸ்கி: குக்கி, கிளவுட் ரெண்டும் அடுத்த பதிவுல. கிளவுட்னா மேகம்னு சொல்லி ஆரம்பிச்சேன். "அப்போ எப்பய்யா பெய்யும்?"னு பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்டார். கரிசக்காட்டுல ஐப்பசி மாசம் அந்தச் சொல்லை எடுத்திருக்கக் கூடாது.